மூன்றாம் முறை கேட்டிருந்தால்

எங்கள் அப்பா சங்கரன்கோவிலில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராகப் பூட்டானுக்குப் போய் முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். என்னைத் திருநெல்வேலியில் சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார். அந்த மலைநாட்டை நான் விடுமுறையில் பார்த்ததோடு சரி. அம்மா அங்கேதான் காலமானார். ஊரார் அவருக்காக மலைச்சரிவில் வெள்ளைக் கொடிகள் நட்டார்கள். காற்று வீசும்போதெல்லாம் கொடியில் அச்சிட்ட பிரார்த்தனை இறந்தவரைச் சேரும் என்பது அங்குள்ள பௌத்தர்களின் நம்பிக்கை. அப்பா விபூதி பூசிக்கொண்டு தினமும் போய் அந்தக் கொடிகளுக்குக் கீழே நிற்பாராம்.

ஓய்வு பெற்றதும் அமெரிக்காவில் சன்னிவேலுக்கு என்னிடம் வந்தார். இரண்டாயிரம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களில் தேதிக் கோளாறைச் சரிசெய்யும் ஒய்-டூ-கே வேலை எங்கள் கழுத்தை நெரித்த காலம் அது. நானும் என் கணவரும் காலையில் ஆபீஸ் ஷட்டில் பஸ் பிடித்தால் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அப்பா அபார்ட்மெண்டை வலமாகச் சுற்றிச் சுற்றி நடப்பார். பகல் முழுக்க அவருக்குப் பேச ஆள் கிடையாது.

"இன்னொரு தோசை போடவாப்பா?"

"வேண்டாம்மா."

அடுப்பை அணைத்துவிடுவேன். வெளியே சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே பதில்தான். அப்பாவுக்கு எதிலும் ஆசை இல்லை என்று தோழிகளிடம் பெருமையடித்தேன்.

கடைசிக் கோடையில் ஒருநாள் கேட்டேன். "அம்மா கொடியெல்லாம் பாத்துட்டு வரலாமாப்பா? டிக்கெட் புக் பண்ணட்டுமா?"

வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "வேண்டாம்மா, உனக்கு வேலை இருக்கு" என்றார்.

எனக்கு லீவு கிடைக்காத நேரம். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் மாரடைப்பு வந்து, நான்கே நாளில் போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள், அப்பாவிடம் படித்த பூட்டான் பெண் ஒருத்தி வந்தாள். இங்கே மேற்படிப்பு படிக்கிறாள். சாப்பிடச் சொன்னேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு வேண்டாம் என்றாள். நான் நகர்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆன்டி விடவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டதும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

பிறகு அவளே சொன்னாள். கேட்டவுடன் சரி என்பது அவர்கள் ஊரில் மரியாதை இல்லையாம். இரண்டு முறை மறுப்பார்களாம், கேட்பவரும் விடமாட்டாராம். "சாரும் எங்களைப் போலவே ஆகிவிட்டிருந்தார்" என்று சிரித்தாள்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த நண்பர்களுக்கும், காரியத்துக்குச் சமைத்துக் கொண்டுவந்த ஆன்டிகளுக்கும், அந்தப் பெண்ணுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தலைத்திதி முடிந்ததும் பூட்டான் போய், அம்மாவின் கொடிகளுக்குப் பக்கத்தில் அப்பாவுக்கும் நடப் போகிறோம்.

இந்த ஓராண்டாக, வீட்டுக்கு வருகிறவர்களை மூன்று முறை கேட்டுத் தொல்லை செய்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.