கயிற்றை விடும் கொக்கி

விமானத் துறை அனுப்பிய அந்த உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி புரிந்தது. கிளைடரில் இழுவைக் கயிற்றை மாட்டும் கொக்கி இன்ன வகையாக இருந்தால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் பின்னையும் மாற்றி, சோதித்துக் கையெழுத்து வாங்கிய பிறகே பறக்க வேண்டும். அதுவரை தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. சாரம் இவ்வளவுதான். எந்தக் கொக்கி என்று கேட்டால், அதன் மேல் இருக்கும் எண்ணைப் பார் என்றது. எங்கள் கொக்கியில் எண் இருந்த இடம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது. ஆகவே உத்தரவு எங்களுக்கா, வேறு யாருக்கோவா என்பதே தெரியவில்லை. அந்தக் கொக்கி ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை என்பதுதான் இன்னும் குழப்பம். நன்றாக ஓடுகிற ஒன்றை நிறுத்திப் பழுது பார் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் எதுவும் உடைந்து விழுந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் மெஷின் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். வேலூருக்கு வெளியே இருந்த பழைய ஓடுதளத்தில், குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு சின்னச் சங்கம் கிளைடர் விட்டுக்கொண்டிருந்தது. கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஓடுதளத்தின் ஒரு கோடியில் பழைய லாரி இன்ஜின் பொருத்திய பெரிய உருளை இருக்கும். அதற்கு வின்ச் என்று பெயர். அதிலிருந்து நீளும் கேபிளை மறு கோடியில் நிற்கும் கிளைடரின் வயிற்றுக் கொக்கியில் மாட்டுவார்கள். வின்ச் வேகமாகக் கேபிளைச் சுற்றி இழுக்க, கிளைடர் பட்டம் போல ஜிவ்வென்று எழும்பும். உச்சிக்குப் போனதும் உள்ளே இருப்பவர் ஒரு மஞ்சள் குமிழை இழுப்பார். கொக்கி திறந்து கேபிள் கீழே விழும். அதற்கப்புறம் அவர் பாடு, காற்றின் பாடு.

அந்த லாரி இன்ஜின் படுத்துவிட்டது என்று ஒருமுறை என்னைக் கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்தேன். சரிசெய்தவனே ஓட்டட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதைவிட அது தேவலையாகத்தான் இருந்தது. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் என் தங்கை வந்தாள். வேலூர் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். ஒரு நாள் மாஸ்டரோடு உட்கார்ந்து மேலே போய் வந்தாள். அவ்வளவுதான், அப்புறம் எனக்குச் சோறு கொண்டுவர மறந்துபோனாள்.

மாஸ்டர் என்பவர் எங்கள் பயிற்சியாளர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற காட்பாடிக்காரர். யாரையும் லேசில் பாராட்டமாட்டார். அவரே அந்த வருடம் மார்கழி பிறக்கிற சமயத்தில், "அடுத்த வாரம் நீ தனியா போலாம்மா" என்று சொன்னார். தனியாகப் போவது என்றால் முன் இருக்கையில் அவள், பின் இருக்கையில் ஒருவரும் இல்லை. அதற்காகத்தான் அவள் இரண்டு குளிர்காலமாக வெயிலில் கறுத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கும் குடும்பம். நல்ல மனிதர்கள்தான். பறக்கிற விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று அவளே பெண் பார்க்க வந்தவர்களிடம் போட்டு உடைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா பெரிதாகச் சிரித்தார். "கல்யாணத்துக்கு மின்னாடி இன்னா வேணா பண்ணிக்கட்டும். அப்பறம் எங்க வூட்ல தறிச் சத்தமே போதும், அந்தச் சத்தம் வேற வாணாம்" என்றார். கிளைடருக்குச் சத்தமே கிடையாது என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆக, அவளுக்கு இருந்தது மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும். அதில் வந்து விழுந்தது இந்த உத்தரவு.

என் மனசும் அப்போது ஒரு நிலையில் இல்லை. கொக்கி வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஓடினேன். முடியாமல் இழுத்துக்கொண்டே போனாலும் நல்லதுதானே என்று சைக்கிளை மிதித்துக்கொண்டே நினைத்தேன். வின்ச்சில் என் கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. மேலே கொக்கி விடாவிட்டால் அதை இழுக்க வேண்டும். ஒரு வெட்டுக் கத்தி விழுந்து கேபிளை என் பக்கத்தில் அறுத்துவிடும். சங்கத்துப் பையன்கள் பறக்கும்போது அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தங்கை பறக்கிற அன்றைக்கு மட்டும் என் இடது கை தானாக அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளோடு மாஸ்டர் இருக்கும்போதே இந்த லட்சணம். தனியாகப் போனால்?

மெட்ராஸிலிருந்து விமானத் துறைப் பரிசோதகர் வந்தார். கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எண் இல்லியே" என்றார். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், அப்படியானால் உத்தரவு எங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டேன்.

"தெரியாட்டி உங்களுக்குத்தான்னு வெச்சுக்குங்க" என்றார்.

ஸ்பிரிங்கும் பின்னும் அவரே கொண்டுவந்திருந்தார். பழைய பின் துருவேறி இறுகிப்போயிருந்ததால் அதை அழுத்தி எடுக்கவும் துளையைச் சீர்செய்யவும் மெஷின் வேண்டும். முதலாளியிடம் அனுமதி கேட்டு எங்கள் பட்டறையையே அந்த ஞாயிறு திறந்தோம். பரிசோதகர் பக்கத்தில் நின்று பார்க்க, எங்கள் மிஸ்திரி பாய் வேலையைச் செய்தார். மார்கழிப் பனியில் மெட்ராஸ்காரர் குல்லாய் போட்டுக்கொண்டு, தோல் நாற்றத்துக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றது பாவமாக இருந்தது. சாயங்காலம் கொக்கி பழையபடி பூட்டப்பட்டது. பரிசோதகருக்குத் திருப்தி. அடுத்த ஞாயிறு கிளைடரில் மாட்டிச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்று ரயில் ஏறிவிட்டார். அந்த ஒரு வாரம் கொக்கி துணியில் சுற்றி எங்கள் பட்டறையிலேயே இருந்தது.

அவர் சொன்ன அந்த அடுத்த ஞாயிறுதான் அவளுக்குக் கடைசி. அதற்கடுத்த ஞாயிறு வீட்டில் நலங்கு. மஞ்சள் பூசிய பெண்ணை யாரும் ஓடுதளத்துக்கு அனுப்பப்போவதில்லை. தங்கை விடியற்காலையிலேயே குளித்துத் தயாராகிவிட்டாள். பஸ்ஸில் கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கொக்கியைக் கிளைடரின் அடியில் பொருத்தும்போது பரிசோதகர் மூக்கைச் சுளித்தார். "இன்னாங்க இது, மீன் வாடை அடிக்குது?"

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங்க வாடை சார். ஆம்பூர்க்காரன் எங்க போனாலும் கூடவே வரும்" என்று நான்தான் சொன்னேன். மாஸ்டரும் சிரித்தார். உண்மையில் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. தோல் ஊரில் பிறந்து வளர்ந்தவன் மூக்கு அந்த விஷயத்தில் எப்போதோ செத்துவிட்டது. தங்கைக்கும் அப்படியே.

சோதனை ஆரம்பித்தது. கிளைடரைப் பின்னாலிருந்து கட்டி நிறுத்தினோம். கொக்கியில் கயிற்றை மாட்டி நாங்கள் நாலைந்து பேர் முன்னால் நின்று முழு பலத்தோடு இழுத்துப் பிடித்தோம். தங்கை உள்ளே உட்கார்ந்து மஞ்சள் குமிழை இழுத்தாள். டக்கென்று விட்டது; நாங்கள் எல்லோரும் பொத்தென்று புழுதியில் விழுந்தோம். எழுந்தோம், மறுபடி மாட்டினோம், மறுபடி விழுந்தோம். நேராக இழுத்துப் பார்த்தோம், பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் டக், டக்கென்று விட்டது. பின்பக்கம் எங்களுக்குப் பழுத்துவிட்டது. பரிசோதகர் பேனாவை எடுத்தார். மாஸ்டர் கம்பத்தில் திசை காட்டி ஆடிய காற்றுப் பையைப் பார்த்து, "நல்ல காத்து. ரெடியாகும்மா" என்றார்.

அப்போதுதான் அவள் உள்ளே இருந்தபடியே சொன்னாள். "சார், ஒரு தடவ நின்னுச்சு."

"எது நின்னுச்சு?"

"ஹூக்கு. மொத தடவ இழுத்தப்ப ஒரு செகண்டு புடிச்சிக்கினு அப்பறம்தான் வுட்டுச்சு."

நான் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவன். எனக்கு எந்தத் தாமதமும் தெரியவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். பரிசோதகர் தானே உட்கார்ந்து சிலமுறை இழுத்தார். வெண்ணெய் மாதிரி வந்தது. மாஸ்டர் அவளிடம் கனிவாகவே பேசினார். "புது ஸ்பிரிங்கு மொதல்ல கொஞ்சம் முரண்டு பண்ணும்மா. அப்பறம் இத்தினி தடவ நல்லாத்தான வுட்டுச்சு?"

"மேல போனா நான் மொத தடவதான சார் இழுப்பேன்?" என்றாள்.

பரிசோதகர் பேனாவைச் சட்டைப் பையில் திருப்பிச் செருகினார். எனக்கு மண்டை காய்ந்தது. சும்மா இருந்திருந்தால் இந்நேரம் கேபிளை மாட்டியிருப்போம். இவள் ஏன் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாள்? இல்லை, பயந்துபோய் ஒரு சாக்குத் தேடுகிறாளா? அவளுக்குப் பயம் என்று ஒன்று இருந்து நான் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

கொக்கியைக் கழற்றித் திறந்தார்கள். உள்ளே பின்னைச் சுற்றிப் பழுப்பாக, பலாப்பால் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசோதகர் விரலில் தொட்டு என் மூக்கருகே நீட்டினார். அவ்வளவு பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மீன் எண்ணெய்.

எங்கள் தொழிற்சாலையில் தோலை மெத்தென்று ஆக்க, தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்மில் அதை ஊற்றுவார்கள். பட்டறையிலோ அதற்கு வேறு உபயோகம். உப்புப் போட்ட தோல் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் இடம். அந்தக் காற்றில் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. அதனால் பழுது பார்த்த எந்தச் சாமானும் மீன் எண்ணெய் தடவாமல் எங்கள் பட்டறையைவிட்டு வெளியே போகாது. யாரும் சொல்லிச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அந்த எண்ணெய் சில நாளில் காய்ந்து பிசினாகும் என்பது எங்களுக்குத் தெரியும். டிரம்முக்கும் பல்சக்கரத்துக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டு நிற்கும், காலையில் மோட்டாரைப் போட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடும். நின்ற பிறகு வரும் முதல் அசைவில்தான் அதன் பிடி தெரியும்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். "நம்மூரு காத்துல துரு ஏறிடுமேன்னுதான் தம்பி. அதுவும் ஏரோப்ளேன் சாமான். அதான் அவரு போனப்பறம் மத்ததவிட ஜாஸ்தியாவே ஊத்துனேன்" என்றார். "பாப்பாவுக்கு எதுனா ஆயிருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் போய்விட்டார். அவரை எப்படித் திட்டுவது? திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

கொக்கியைத் திறந்து பார்த்த ஞாயிறே, அங்கேயே மண்ணெண்ணெயில் கழுவி மாட்டலாமே என்று பரிசோதகரிடம் கெஞ்சிப் பார்த்தோம். ஒருமுறை பிரித்தால் அதே ஸ்பிரிங்கை மறுபடி போடக் கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்று உத்தரவிலேயே இருக்கிறது என்றார். புதிது மெட்ராஸில் இருந்தது. ஒரு பழுதும் இல்லாத நல்ல ஸ்பிரிங் என் உள்ளங்கையில் இருந்தது. தங்கை கிளைடரிலிருந்து இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் புழுதியைத் தட்டினாள். "போலாம்ண்ணா, அம்மா தேடும்" என்றாள்.

தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாஸ்டர் வந்து மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் கிளம்பப் பார்த்தவரைத் தங்கைதான் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்து வந்த ஞாயிறு புது ஸ்பிரிங்கோடு கொக்கிக்குக் கையெழுத்துக் கிடைத்தது. தனியாகப் போகும் முறை இன்னொரு பையனுக்கு வந்தது. வின்ச்சில் நான்தான். உச்சியில் கேபிள் கழன்று, நுனியில் கட்டியிருந்த குட்டிப் பாராசூட்டோடு இறங்கியது. என் இடது கை தன் பாட்டுக்கு மடியில் கிடந்தது.

மாசியில் குடியாத்தம் போனேன். தறிக் கொட்டகையை ஒட்டிய அறையில் எனக்குச் சோறு போட்டாள். தறிகள் போட்ட இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நன்றாகத்தான் இருந்தாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அந்தப் பையன் பறந்ததைப் பற்றிக் கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன், கேட்டுவிட்டாள். ஆனால் யார் போனது என்றல்ல.

"மொத இழுப்புலயே வுட்டுச்சா?"

"வுட்டுச்சும்மா."

தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினாள். நான் தாங்கமாட்டாமல் கேட்டேன். "நீ அன்னிக்கி சொல்லாம இருந்திருந்தா பறந்திருக்கலாமே. யாருக்கும் தெரியலியே."

"எனக்குத் தெரிஞ்சிச்சே" என்றாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "நான் நின்னுச்சுன்னு சொன்னதும் எல்லாரு மூஞ்சியும் தொங்கிப்போச்சு. உன் மூஞ்சிலதான்ண்ணா நிம்மதி வந்துச்சு" என்றாள்.

தறி இரைச்சலில் சரியாகக் காதில் விழாத மாதிரி நான் சோற்றைப் பிசைந்தேன். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள்.