அடிக்காத எட்டுக் கோடுகள்

வில்லியனூரில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், நெல் குதிருக்குப் பக்கத்தில், கரியால் இழுத்த பன்னிரண்டு கோடுகள் இருந்தன. நாலு அடிபட்டவை, எட்டு அடிபடாதவை. எல்லாம் என் அண்ணி போட்டவை. எங்கள் ஊரைப் போலவே பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த சைகோனில் ஆண்பிள்ளைகள் வேலை பார்த்த வீடுகளில் அப்போது அது வழக்கம். அங்கிருந்து கிளம்பியதாகத் தந்தி வந்தால், கப்பலுக்கு ஆகும் நாள் ஒன்றுக்கு ஒரு கோடு போட்டு, தினம் காலையில் ஒன்றைக் குறுக்கே அடிப்பார்கள். எங்களுக்குத் தூரம் என்றால் மைல் இல்லை, கப்பல் நாள்தான்.

அண்ணன் அங்கே துறைமுக ஆபீசில் குமாஸ்தா. நடுவில் உலக யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனதால் எட்டு வருஷம் ஊருக்கு வரவில்லை. சண்டை முடிந்து, கிளம்பிவிட்டேன் என்று ஒரு வரித் தந்தி வந்தபோது அண்ணிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இடையில் அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. “பாத்ததும் மூஞ்சிய திருப்பிக்கினா இன்னாடி பண்ணுவேன்?” என்று என்னிடம் மட்டும் கேட்டாள். எனக்குப் பதினாறு வயது, வாய்க்கொழுப்பு வேறு. “சிரிக்காம இரு அண்ணி” என்றேன். அவள் திட்டம் தெளிவாக இருந்தது. முதலில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிறகு பாண்டிச்சேரிக்குப் போய்ப் பல் கட்டிக்கொள்வது. பன்னிரண்டு நாள் தாராளம்.

நாலாம் நாள் காலை, நாலாவது கோட்டை அடித்துவிட்டு வாசல் சுவரில் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. தொப்பியும் பெட்டியுமாக அண்ணன் இறங்கினார். அண்ணி சுண்ணாம்புக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். “பன்னெண்டு நாளு கணக்கு வெச்சிருந்தேனே! மிச்ச எட்டு நாளு எங்க போச்சு?”

“ஏரோப்ளேன்ல வந்தேன்டி. காலையில சைகோன்ல ஏறனேன், பொழுது சாயறதுக்குள்ள கல்கத்தா. அப்புறம் ரயிலு. கைய எடு, மூஞ்சியப் பாக்கணும்.”

அவள் கையை எடுக்கவே இல்லை. அண்ணன் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றினார். சுருட்டை முடிக்குப் பேர்போன அந்தத் தலையில் ஒரு முடி இல்லை. அண்ணி பார்த்தாள். பொங்கி வந்த சிரிப்பில் கை தானாக இறங்கிவிட்டது. அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கப்பலில் வரும் நாளையும் சேர்த்துத்தான் அண்ணனுக்கு லீவு. ஆகவே அந்த எட்டு நாளும் அண்ணிக்கே மிச்சம். மறுநாள் காலை, கோட்டை அடிக்கவில்லையா என்று கேட்டேன். “அடிச்சாத்தானேடி தீரும்?” என்றாள். அண்ணன் திரும்பிப் போன பிறகும் அவள் அவற்றைத் தொடவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தக் கையகல இடத்தை விட்டுவிட்டுத்தான் வெள்ளையடித்தாள்.

போன மாதம் சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். சென்னையில் ஏறி, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்தேன், அதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் காலையில் மகள் காலண்டர் முன்னால் சிவப்புப் பேனாவோடு நின்றாள். “அம்மா கிளம்ப இன்னும் இருபத்தெட்டு நாள்” என்று தேதியை அடிக்கப் போனாள்.

பேனாவைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“அடிச்சாத்தான்டி தீரும்” என்றேன்.