பூண்டுப் பரணில் வைத்த மேகக்குட்டி

மேகக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நாள் என் டைரியில் இருக்கிறது. காலையில் மூட்டம், பீன்ஸுக்கு இரண்டாம் களை, மாலையில் மகள் டிவியில் ஒரு ஜப்பான் பொம்மைப் படம் பார்த்தாள் என்று எழுதியிருக்கிறேன். மேகத்தின் குட்டி ஒன்று வானத்திலிருந்து தவறி, நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குடைக்குள் விழுந்து, அங்கேயே குடியிருந்துவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

உரக்கடையில் வருஷாவருஷம் கொடுக்கும் டைரியில் தினமும் பத்து வரிக்கு மிகாமல் எழுதுவது என் வழக்கம். மழை, பனி, தோட்ட வேலை, வீட்டுக்கு வந்து போனவர்கள். அதில் பொம்மைப் படம் நுழைந்தது மகளால்தான். அவளுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் மலையூரான பள்ளங்கியில் மாலை நேரத்தில் கரண்ட் போவது சாதாரணம். மூட்டம் இறங்கினால் டிஷ்ஷிலும் படம் வராது. விட்டுப்போன கதையை மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து, "எழுதிக்கோங்கப்பா" என்பாள். ஒரு கதைக்கு ஒரு வரி. ஏழு டைரிகளில் அந்த வரிகள் இருக்கின்றன.

மேகக்குட்டிக்கு ஒரே ஒரு குணம். யாராவது பொய் சொன்னால் அவர்கள் தலைக்கு மேலே போய் நின்று பெய்துவிடும். வாத்தியார், போலீஸ்காரர், மேயர், எவரையும் விடாது. நான் கொடைக்கானல் சந்தைக்குப் போய்விட்டு மிட்டாய் மறந்துவிட்டது என்று சொன்னால், மகள் என் தோளைத் தொட்டுப் பார்ப்பாள். "சட்டை நனைஞ்சிருக்குப்பா" என்பாள். சட்டைப்பையில் கையை விட்டு எடுத்துக்கொள்வாள்.

ஏழாம் வகுப்பில் அவளுக்கு அந்தப் படக்கதையின் புத்தகம் ஒன்று கொடைக்கானல் ஏரிச்சாலைப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது, முழுக்க ஜப்பான் எழுத்து. வீட்டில் பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கம் முதலில் இருந்தது. பைண்டிங் தப்பு என்று மறுநாளே பஸ் ஏறிப் போய் மாற்றித்தரச் சொன்னேன். கடைக்காரர் சிரிக்காமல்தான் சொன்னார்: "அண்ணே, அவங்க ஊர்ல பின்னாலருந்துதான் பொரட்டுவாங்க. உங்க புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமே, கேக்கலையா?"

கேட்கவில்லை. அவளுக்கு என்னென்ன தெரியும் என்று அதற்குப் பிறகும் கேட்டதில்லை. அவளாகச் சொன்னவை சில டைரியில் உள்ளன. முதலில் வரைந்தவர் இறந்துவிட்டார். அவர் உதவியாளர்கள் அதே கோட்டில் வரைகிறார்கள். டிவிக்கு மூன்று முறை புதிதாக எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தமிழ்க் குரல் மாறியது. அந்தச் சிறுமி மட்டும் நாலாம் வகுப்பிலேயே இருந்தாள்.

என் மகள் பிளஸ் டூவுக்கு வந்தாள். சென்னையில் பொம்மைப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு வரும்போது கையால் வரைந்த மூலப் படங்களைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று வருஷம் வரைந்ததில் நாற்பது தாள்களைத் தேர்ந்து, துணியில் சுற்றிக் கட்டினாள். மேகக்குட்டி பள்ளங்கிக்கு வந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் எல்லாப் படமும். படிக்கட்டு வயல், கேரட் கழுவும் தொட்டி, எங்கள் பஸ் ஸ்டாப். ஒரு படத்தில் அது என் தலைக்கு மேல் நின்றது.

பரீட்சைக்கு அவள் வத்தலக்குண்டில் என் தங்கை வீட்டில் தங்கினாள். அங்கே சின்னப் பிள்ளைகள் உண்டு என்பதால் படக்கட்டை என்னிடம் கொடுத்தாள். "ஈரம் படாமப் பாத்துக்கோங்கப்பா. மே மாசம் வந்து எடுத்துக்கிறேன்."

அந்த வருஷம் கோடை மழை முந்திவிட்டது. பீரோவில் சட்டைகூடப் பூசணம் பூத்துப் போனது. எங்கள் பக்கம் ஒரு பொருள் பூக்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒரே இடம்தான்: பூண்டுப் பரண். அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டிப் புகை போடுவோம். விதைப் பூண்டும் அங்கேதான், நிலப்பத்திரமும் அங்கேதான். பத்திரம் தகரப் பெட்டியில் இருக்கும். படக்கட்டைத் துணியோடு வைத்தேன்.

"ஏங்க, புகை ஏறாதா?" என்று மனைவி கேட்டாள். பூசணம் பிடிப்பதற்குப் புகை மேல் என்றேன்.

மே மாதம் மகள் வந்து கட்டைப் பிரித்தாள். ஒரு தாள்கூடப் பூக்கவில்லை. எல்லாம் டீத்தூள் வடிகட்டிய துணி மாதிரி பழுப்பாகியிருந்தன. நீலம் கறுத்திருந்தது. வெள்ளை மேகம் என்று ஒன்று எதிலுமே இல்லை. அவள் அழவில்லை. ஒவ்வொரு தாளாக வெளியில் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள், திரும்ப அடுக்கினாள். திரும்ப வரைய நாளில்லை, அதையே எடுத்துப் போனாள். நேர்முகத்தில் ஒருவர் தாளை மோந்து பார்த்து, இது என்ன வாசனையம்மா என்று கேட்டாராம். பூண்டு என்றாளாம். மூன்று பேரும் சிரித்தார்களாம். இடம் கிடைக்கவில்லை.

படங்கள் சுத்தமாக இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது என்று என் தங்கை சொன்னாள். இருக்கலாம். திண்டுக்கல்லில் நர்ஸிங் படிப்புக்கு நான் ஏற்கெனவே விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். அதில் சேர்ந்தாள், முடித்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் பேசுவாள். நான் போனை வாங்கினால் சாப்பிட்டேன், டூட்டி இருக்கு என்பாள். வரைவதில்லை. நாற்பது தாள்களையும் என்ன செய்தாள் என்று தெரியாது.

போன ஞாயிறு என்னைக் கேட்டுப் பேசினாள். மேகக்குட்டி புதுப்படம் வந்திருக்கிறதாம். "வார்டுல ஒரு பாப்பா காலுல கட்டோட, நாள் பூரா போன்ல அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடக்கு. எனக்குக் கதை தெரியும்னு சொன்னா நம்ப மாட்டேங்குது" என்றாள். பிறகு குரலை மாற்றாமலே கேட்டாள்: "அப்பா, அந்தக் கட்டைப் பரண்ல வச்சதை எழுதியிருப்பீங்கள்ல? அந்தப் பக்கத்தை வாசிங்க."

டைரிகள் வருஷ வரிசையில் இருக்கும். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாசித்தேன்: "மழை மூன்றாம் நாள். பீரோவில் பூசணம். மகளின் படக்கட்டைப் பூண்டுப் பரணில் வைத்தேன். புகை ஏறும் என்றாள் இவள். பூசணத்துக்கு இது மேல் என்றேன்."

"அதுக்கப்புறம் எதுவும் எழுதலையா?"

எழுதியிருக்கிறேன். நான்கு நாள் தள்ளி, என் கையெழுத்தில், திருத்தலில்லாமல்: "பரண் நெருப்பு சரிபார்த்தேன். படக்கட்டைப் பிரித்தேன். மேல் மூன்று தாள் பழுப்பு, மற்றவை வெள்ளை. பழையபடி கட்டி அங்கேயே வைத்தேன். நர்ஸிங் விண்ணப்பம் வாங்கியாயிற்று."

"இல்லத்தா, அம்புட்டுத்தான்" என்றேன்.

 போனில் வார்டுப் பிள்ளை ஒன்று இருமியது.

"சட்டை நனையலையேப்பா?"

"இல்ல தாயி."

"சரி, அம்மாட்டக் குடுங்க" என்றாள்.

அன்றைக்கு எழுதியது ஐந்து வரி. உருளைக்கு மண் அணைத்தது, மகள் போன் செய்தது, பழைய டைரி வாசிக்கச் சொன்னது, வாசித்தது, மாலையில் லேசான தூறல். எதை வாசித்தேன் என்று எழுதவில்லை.