கழல மறுத்த நட்டு

மறுநாள் விடியற்காலையில் என் மனைவியைக் கண் அறுவைச் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவள் சொல்லிவைத்த வாடகைக் காரை வேண்டாமென்று மறுத்து, எங்கள் பழைய காரின் கியர் பாக்ஸ் எண்ணெயை நானே மாற்ற முற்பட்டேன். மெக்கானிக்கையும் வேண்டாமென்றேன்.

காலை முதல் சாக்கின்மேல் மல்லாந்து கிடந்து முயன்றும், எண்ணெய் வடிக்கும் அடிநட்டு அசையவில்லை. சுத்தியலால் தட்டியதில் அதன் முனைகள் மழுங்கின. என் தோள்களும் ஓய்ந்துபோயின.

பிள்ளையார்பட்டிக்கு வழி கேட்க நின்ற வேன் ஓட்டுநர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"என்னய்யா, மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீக?"

"விடிஞ்சா மதுரைக்கு ஆஸ்பத்திரி போகணும். நட்டுக்கும் இவுகளுக்கும் ஒரே பிடிவாதம்" என்றாள் மனைவி.

"எண்ணெய் ஊத்துற மேல்நட்டைக் கழட்டிப் பாத்தீகளா?"

"வடிச்ச பெறகுதானே அது?" என்றேன்.

அவர் மேல்நட்டைத் திருகினார். துருவேறியிருந்த அதுவும் அசையவில்லை.

"கீழ மட்டும் கழண்டிருந்தா, புது எண்ணெய் ஊத்த வழியில்லாம வண்டி இங்குட்டே கிடந்திருக்கும். மேல கழட்டாம கீழ கை வைக்க மாட்டோம்யா நாங்க. பழைய எண்ணெயோடவே போயிட்டு வாங்க."

நாளெல்லாம் நான் வைத நட்டுதான் அந்தப் பயணத்தைக் காப்பாற்றியது. அவர் கை கொடுத்து என்னை எழுப்பினார். பெயர் கேட்கக்கூடத் தோன்றாத அளவுக்குக் களைத்திருந்தேன்.

மதுரையிலிருந்து திரும்புகையில், கட்டுப்போட்ட கண்ணுடன் அவள் உறங்கிக்கொண்டு வந்தாள். உறுதி என்று நான் பெருமைப்பட்ட என் குணம், இத்தனை ஆண்டுகளில் அவளை எவ்வளவு களைப்படையச் செய்திருக்கும் என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.