நான் சுற்றிய வேட்டித் துண்டு

என் மகள் இரவில் விடிய விடிய நித்திரை கொள்கிறாள் என்று கந்தோரில் நான் பெருமையடித்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது. எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டவர்களுக்குத் தேநீர் இடைவேளையில் வகுப்பே எடுத்தேன். பொறுமை வேண்டும், பிள்ளை அழுதவுடன் தூக்கக் கூடாது, நெஞ்சில் கை வைத்து மெல்லத் தட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் பொய். அதை எழுத உட்காரவே எனக்கு வெகுகாலம் எடுத்தது.

நான் யாழ்ப்பாணத்தான். மாற்றலாகிக் கண்டிக்கு வந்து மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். மனைவி தமிழ்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஊரிலிருந்து வந்து நெடுநாள் கூட நிற்க எங்களுக்கு ஆள் இல்லை. அதனால் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாவை வீட்டோடு வைத்துக்கொண்டோம். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வருத்தத்தால் கொழுந்து பறிக்கப் போவதை விட்டவர். திங்கள் காலை வருவார், சனி மத்தியானம் போவார். அக்கா என்றுதான் இருவரும் கூப்பிடுவோம்.

மகளைத் துணியில் சுற்றித் தூங்க வைக்க எனக்குப் பழக்கியவர் அக்காதான். என் பழைய வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்துத் தோய்த்து வைத்திருந்தார். கைகளை உடம்போடு சேர்த்து, ஒரு முனையை முதுகுக்குக் கீழே கொடுத்து, மறு முனையைக் காலடியில் மடித்துச் செருகுவார். சுற்றினால் பிள்ளை திடுக்கிடாது. சுற்றாவிட்டால் தன் கை தன் முகத்தில் பட்டே விழித்துக்கொள்ளும்.

நாலாம் மாதம் மகள் புரளத் தொடங்கினாள். அந்தக் கிழமை வீட்டுக்கு வந்த குடும்பநல மாது, பிள்ளை புரளத் தொடங்கினால் துணியில் சுற்றுவதை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சுற்றிய பிள்ளை குப்புறப் புரண்டால் கையை ஊன்றி முகத்தைத் திருப்ப ஏலாது, மூச்சு அடைத்துவிடும். அவர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் மனைவிக்கும் அக்காவுக்கும் தமிழில் சொன்னேன். ஆகவே விளங்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

"எங்க பக்கம் ஆறு மாசம் வரைக்கும் சுத்துவோம் டீச்சர்," என்றார் அக்கா.

"இல்லையக்கா, இனி வேண்டாம்," என்றாள் மனைவி.

"சரிங்க," என்று வேட்டித் துண்டுகளை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டார். அதன் பிறகு பகலில் அவர் மகளைக் கை வெளியே இருக்கத்தான் கிடத்தினார். பாயில் கிடத்திப் பக்கத்திலேயே இருப்பார். பிள்ளை கையை உதறும், சிணுங்கும், பிறகு பழகும். அதற்கு ஒரு மணித்தியாலம் போனாலும் அவர் அசையமாட்டார்.

இரவுதான் எங்களைக் கொன்றது. மனைவியின் பிரசவ லீவு முடிந்து பாடசாலை தொடங்கியிருந்தது. முக்கால் மணிக்கு ஒருதரம் மகள் விழித்தாள். மூன்றாம் நாள் மனைவி கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்ததாக வந்து சொல்லி அழுதாள். அன்று நான் வீரம் பேசினேன். "நீர் போய் உள்ளறையில படும். பதினொரு மணிக்குப் பால் குடுத்திட்டு என்னட்டத் தாரும். விடியுமட்டும் நான் பாக்கிறன்."

முதல் இரண்டு இரவும் பார்த்தேன். தோளில் போட்டுக்கொண்டு முன்னறையில் நடந்தேன். மார்கழிக் குளிர், கால் விறைத்தது. அவள் நித்திரையானதும் கிடத்துவேன், கிடத்தியதும் இரண்டு கையும் விரியும், கண் திறக்கும். எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதப் பிள்ளையில் கோபம் வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. மூன்றாம் இரவு அலுமாரியைத் திறந்து ஒரு வேட்டித் துண்டை எடுத்தேன்.

இன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். சுற்றிய ஐந்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டாள். நாலரைக்கு அலாரம் வைத்து எழும்பி, துணியை அவிழ்த்து என் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன். "இரவு முழுக்க எழும்பேல்லையோ?" என்று கேட்டாள். "இல்லை," என்றேன். "என்ன செய்தனியள்?" என்றாள். "கொஞ்சம் பொறுமை வேணும்," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கலியாணம் கட்டிய புதிதில் இருந்த மரியாதை தெரிந்தது. அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

மூன்று கிழமை அப்படி ஓடியது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். மகள் ஒரு கட்டிலில், நான் அதற்குப் பக்கத்துக் கட்டிலில். நான் அருகில்தானே படுக்கிறேன், என்ன வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அலாரம் அடிக்கும்வரை எனக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அலாரம் அடித்தும் எழும்பவில்லை. மனைவியின் குரல்தான் என்னை எழுப்பியது. நன்றாக விடிந்திருந்தது. பால் கட்டி மார்பு நோக, என்ன இன்னும் பிள்ளையைக் காணவில்லை என்று அவளே எழும்பி வந்திருக்கிறாள். சுற்றிய துணியோடு மகள் குப்புறக் கிடந்தாள். முகம் மெத்தையில். மனைவி அள்ளித் தூக்கிய பிறகுதான் அழுகையே வெளியில் வந்தது. முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. கன்னத்தில் மெத்தைத் தையலின் அடையாளம் பதிந்திருந்தது.

சத்தம் கேட்டு அக்கா குசினியிலிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஆர் இதைச் சுத்தினது?" என்றாள் மனைவி.

நான் வாயைத் திறந்தேன். எதைச் சொல்ல நினைத்துத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்தது இதுதான். "நான் சும்மாதான் கிடத்தினனான்."

அந்த ஒரு வசனத்துக்கு மேல் நான் பொய் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. மிச்சத்தை மனைவியே கட்டிக்கொண்டாள். சில நாட்களில் விடியப்புறம் பிள்ளை சிணுங்கினால் நான் எழும்பாதபடி அக்கா வந்து தட்டிவிட்டுப் போவதுண்டு. அன்றும் வந்திருப்பார், சுற்றிப் போட்டிருப்பார். ஆறு மாதம் வரை சுற்றுவோம் என்று சொன்னவர்தானே.

"நான் சுத்தல டீச்சர்," என்றார் அக்கா.

"அப்ப ஆர் சுத்தினது? பிள்ளை தானே சுத்திக்கொண்டு படுத்ததோ?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் முகம் கழுவப் போனேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. போகும்போது இனி வர வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு, மகளின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படியிறங்கினார். நான் பல்கனியில் நின்று கொடியில் இருந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவை இன்னும் காயவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் வீட்டில் இருந்தது, பழி தெல்தோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டது. நான் கந்தோரில் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு நண்பர், "உங்கட மகள் எப்பிடி, இப்பவும் நல்ல நித்திரையோ?" என்று கேட்டபோது "ஓம்" என்றேன். இரவில் மகளோடு நானும் விழித்திருந்தேன். மனைவி தன் சித்தியின் மகளை ஊரிலிருந்து ஒரு மாதத்துக்கு வரவழைத்துப் பகலைச் சமாளித்தாள்.

அப்படியே மறந்தும் போயிருப்பேன். என்னை நான் அறிவேன். ஆனால் ஒரு மாலை மனைவி தொலைபேசியில் கதைப்பது காதில் விழுந்தது. அவளுடைய பாடசாலையில் இன்னொரு ஆசிரியைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அக்கா அவர்களிடம் வேலை கேட்டிருக்கிறார். "சமையல் எல்லாம் நல்லம்," என்றாள் மனைவி. "ஆனால் பிள்ளை விசயத்தில நம்பேலாது. சொன்னாக் கேக்கமாட்டா. என்ர பிள்ளை தப்பினது கடவுள் புண்ணியம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கந்தோர் வேலை என்று சொல்லிவிட்டுத் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். அதுவும் ஒரு பொய். கையில் ஒரு கேக் பெட்டி. வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் கடைசியில் நான் நல்லவனாகவே வந்து முடிந்தேன்.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு. அக்கா எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டு, தான் வாசற்படியில் இருந்தார். எங்கள் வீட்டில் அவர் கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிளேன்டீ வந்தது. கேக் பெட்டி திறக்கப்படாமல் மேசையில் இருந்தது.

"அக்கா, திரும்பி வாங்கோ," என்றேன். "டீச்சரை நான் சமாளிக்கிறன்."

"என்னன்னு சொல்லிச் சமாளிப்பீங்க சார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"விடிய நீங்க துணிய அவுக்கிறத ரெண்டு தடவ பாத்தேன் சார். டீச்சர்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நம்ம எதுக்குன்னு விட்டுட்டேன். அது என் தப்பு. பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் எந்தச் சாமிகிட்ட போய் நிப்பேன்?"

செய்தவன் நான். பார்த்தும் சொல்லாததற்காக அவர் வருந்திக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கையில் ஏதாவது இருக்க வேண்டியிருந்தது.

"நான் சுத்தலன்னு உங்களுக்குத் தெரியும்," என்றார். "டீச்சருக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்ச பொறகு கூப்பிட்டா வாறேன். இல்லாட்டி வேணாம்." பிறகு, "பாப்பா இப்ப கைய விட்டுட்டுத் தூங்குதா?" என்று கேட்டார்.

"இல்லையக்கா."

"பகல்ல எங்கிட்ட தூங்குச்சே. கிடத்தின ஒடன நீங்க கைய எடுத்துருவீங்க. ஒங்களுக்கு அவசரம்."

திரும்பி வரும்போது மழை. வீட்டில் மனைவி மகளின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன், கழற்றினால் தைரியம் போய்விடும் என்று பயம். வேட்டித் துண்டு, தலையணை, அலாரம், தெல்தோட்டை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எத்தினை நாள்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூண்டு கிழமை."

இன்னும் இரண்டு சட்டைகளை மடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கு என்ர பிள்ளை மூச்சில்லாமல் கிடந்திருந்தாலும் அக்காதான் சுத்தினவ எண்டு சொல்லியிருப்பியளோ?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் நம்பியிருப்பாளோ தெரியாது. ஆனால் எனக்கே அந்த 'இல்லை' உறுதியாகத் தெரியவில்லை. சும்மா நின்றேன். அவளுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

அன்றிரவே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நான் பிழையாய் நினைச்சிட்டன் அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்று அழுதாள். பிழை செய்த நான் பக்கத்தில் இருக்க அவள் மன்னிப்புக் கேட்டாள். அடுத்து அந்த ஆசிரியைக்கு எடுத்தாள். "அது அவ இல்லை, என்ர மனிசன்," என்றாள். அந்த வசனம் அடுத்த நாள் ஆசிரியர் அறை முழுக்கப் போயிருக்கும். போகட்டும்.

அக்கா அடுத்த கிழமை வந்தார். மகளின் கட்டில் உள்ளறைக்குப் போனது. இரவில் மனைவியும் அக்காவும் மாறி மாறிப் பார்த்தார்கள். கதவு சாத்தியிருக்கும். தட்டும் சத்தம் கேட்கும், "தூங்குடா, தூங்குடா" என்று அக்காவின் குரல் கேட்கும். உதவிக்கு வரட்டுமா என்று ஒருமுறை கதவில் நின்று கேட்டேன். "நீங்கள் படுங்கோ," என்றாள் மனைவி. கோபமாகச் சொல்லவில்லை, ஒரு விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை நான் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது குசினியில் இருவரும் கதைத்துச் சிரிப்பது கேட்டது. முதல்நாள் இரவு பத்து மணிக்குக் கிடத்திய மகள், இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு, விடியும்வரை ஒருதரமும் எழும்பவில்லையாம். அவர்கள் தங்களுக்குள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குசினி வாசலுக்குப் போனேன். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா என் தேத்தண்ணியை எடுத்துத் தந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.