முத்தையாவைக் கொண்டுபோன பனி

ஜூன் பத்தொன்பது, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தபோதே, மழையில் நனைந்த சாக்கும் சுக்கும் கலந்த வாசனை எதிர்க் கிடங்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு டம்ளர் அரிசி களைந்து வைத்தேன்; ஒருத்திக்கு அது போதும். ஒன்பது மணிக்கு ஜூ டவுனில் நான் வேலை பார்க்கும் ஏற்றுமதி அலுவலகம் போய், வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போக வேண்டிய மிளகு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதினேன். ஐந்து நாற்பதுக்குத் திரும்பும்போது எங்கள் தெரு டாக்டரின் கிளினிக் திறந்திருந்தது.

டாக்டர் சென்ற மாதம் இறந்துவிட்டார். துபாயிலிருந்து வந்த அவர் மகள் லீலா, கட்டடத்தைப் பழம்பொருள் கடைக்கு விடுவதற்காக அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை அவளுக்கு விமானம். என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு, மலையாளத்தில் கேட்டாள்: அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் எப்படிப் போயின? பட்டாளத்தில் நடந்தது என்பதற்கு மேல் அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லையாம். "செல்விச் சேச்சிக்கு அறியுமோ?"

"அறியில்ல" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியும். மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களில் அந்தக் காலத்தில் ஊசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் மலையாளி, ஆனால் தமிழ்ச் சிப்பாய்கள் நிறைந்த ஒரு படைப்பிரிவில் பல வருடம் வைத்தியம் பார்த்தவர். தமிழை முழுக்க ஆண்களிடமிருந்து கற்றதால் அவருக்கு எல்லோரும் "தம்பி"தான். ஏழு மாதக் கர்ப்பிணியிடமும் "நாக்கை நீட்டு தம்பி" என்பார். "டாக்டருக்குப் பொம்பளைத் தமிழ் வராது" என்று அம்மா சிரிப்பாள், "உன் புருஷனுக்கு மட்டும் வருதா தம்பி?" என்று அவர் திருப்பிக் கேட்பார். காத்திருக்கும் பெஞ்சே குலுங்கும். கிடங்குகளில் மூட்டை தூக்க வந்த எங்கள் அப்பாக்களுக்கு, பாதி மலையாளம் கலக்காமல் வலியைச் சொல்ல அந்த ஒரு அறைதான் இருந்தது.

ஊசி போடும்போது, கவனம் கையிலிருந்து விலகட்டும் என்று அவர் முத்தையாவைப் பற்றிப் பேசுவார். மலை உச்சி முகாமில் அவருக்கு உதவியாளாக இருந்தவன், தமிழ் சொல்லிக்கொடுத்தவன். சோற்றுக்கு உப்புப் போதாது என்று மேஜரிடமே சண்டை போட்டவன். கடைசியில் எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "முத்தையாவைப் பனி கொண்டுபோச்சு தம்பி. டாக்டரா நான் பக்கத்துலயே இருந்தேன். ஒண்ணும் செய்ய முடியல."

மட்டாஞ்சேரியில் பிறந்த எனக்குப் பனி என்றால் காய்ச்சல். மலையாளத்தில் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம். உறைந்து விழும் பனி ஒன்று உண்டென்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. அந்த மழைக்காலத்தில் எனக்குப் பனி வந்தது. டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாத நோய் அல்லவா என்று யாரிடமும் சொல்லவில்லை. அம்மா தொடும் முன் முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவிக்கொள்வேன். ஐந்தாம் நாள் பள்ளியில் விழுந்தேன். டைபாய்டு. பிழைப்பேனா என்பதே சந்தேகமாக இருந்ததாம்; டாக்டர் தினமும் இரண்டு வேளை வீட்டுக்கு வந்தார்.

தேறியபின் கிளினிக்கில் கேட்டார்: "ஏன் மறைச்சே தம்பி?"

"பனி வந்தா நீங்க பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொன்னீங்களே."

"அய்யோ டாக்டர், இவ காய்ச்சல்னு நெனச்சிட்டா!" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சு முழுதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்து, காலுறையை உருவி, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். "இது பனி. ஐஸ். உனக்கு வந்தது வேற." நிதானமாகத் திரும்பவும் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

அன்றோடு முத்தையா பேச்சு நின்றுபோனது. ஊசி போடும்போது டாக்டர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். யாராவது கேட்டால், "மறந்துபோச்சு தம்பி." அம்மாவும் அப்பாவும் போனபின் நான் ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்கு அவரைப் பார்க்கப் போவேன்; எங்கள் இருவருக்கும் தமிழ் பேச வேறு ஆள் இல்லை. ஒருமுறை துணிந்து, "முத்தையா எந்த ஊர் டாக்டர்?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி, "மழை விட்டிருச்சு, கிளம்பு தம்பி" என்றார். பிறகு நான் கேட்கவில்லை. அந்தச் சாவைச் சொல்ல அவருக்கு ஒரே ஒரு மொழிதான் இருந்தது. அதிலும் சொல்ல முடியாமல் செய்தது நான். லீலாவிடம் தெரியும் என்று சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது கிளினிக்கின் பெஞ்சு விற்றாகிவிட்டது. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். ஊசிகளைக் கொதிக்க வைத்த எவர்சில்வர் பாத்திரத்தைப் பழம்பொருள் கடைக்காரரே எடுத்துக்கொண்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் இந்தத் தெருவில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்தி.

வியாழன் காலை அரிசி களையவில்லை. ஆறே காலுக்கு டாக்டர் வீட்டு வாசலில், லீலாவின் முன் நின்றேன். பெட்டிகள் டாக்ஸியில் ஏறிவிட்டன. "நேற்று நான் சொன்னது பொய்" என்றேன். மலையாளத்தில் தொடங்கினேன், முத்தையாவின் பெயர், உப்புச் சண்டை, மலை. பனி வரும் இடத்தில் நின்று, "மஞ்ஞு" என்று அவள் மொழியில் கவனமாகச் சொன்னேன். ஒன்பது வயதில் நான் செய்ததையும் சொன்னேன்.

லீலா ஓட்டுநரைப் பார்த்துக் கை காட்டினாள். அவர் எஞ்சினை அணைத்தார்.

"அப்பா எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்லுங்க சேச்சி," என்றாள். "தமிழிலேயே."