தங்கைக்கு நான் கொடுத்த மாத்திரை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, வெளியூரில் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு என் தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இருபத்தொரு வயது, எனக்கு இருபத்தாறு. அன்றைக்கு அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய இரண்டு வருடத்தையும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் வடக்கனந்தல். நிலம் கிடையாது. அப்பா இல்லை. அம்மா கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போவார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் இடத்தில் கால் நிற்காது. ஓட்டல், செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று சுற்றிவிட்டுப் பத்தொன்பது வயதில் போர்வெல் வண்டியில் ஏறினேன். அதன் பிறகு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். வண்டிக்குப் பக்கத்தில் சமையல், வண்டிக்கு அடியில் படுக்கை. வருடத்தில் ஒன்பது மாதம் அப்படித்தான் போகும்.

பல் ஆட ஆரம்பித்தது அங்கேதான். வலி இல்லை, சொத்தை இல்லை. பார்க்க எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. காலையில் துப்பினால் எச்சிலில் ரத்தம் வரும். முன்பல் இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு சந்து விழுந்தது. வண்டியில் இருந்தவர்கள் அது அதிர்ஷ்டச் சந்து, இனி உனக்கு யோகம்தான் என்றார்கள். நானும் லாரிக் கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நாளில் ஈறு வீங்கிச் சீழ் வந்தது.

எங்கள் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிலேயே வாயில் பாதிப் பல் இல்லை. கேட்டால், "நம்ம வூட்டுப் பல்லு அவ்ளோதான்" என்பார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பது போல.

ராய்ப்பூர் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் காட்டினேன். இரண்டு வகை மாத்திரை எழுதி, வேளைக்கு ஒன்றாக எட்டு நாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வா, ஈறுக்கு அடியில் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் ஒன்று சொன்னார்: இந்த மாத்திரை சாப்பிடும்போது குடிக்கவே கூடாது, குடித்தால் வாந்தி எடுத்தே சாவாய்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் பீறிட்டு வந்துவிட்டால் நிலத்துக்காரர் தேங்காய் உடைத்து எங்களுக்குக் கறிச்சோறும் பாட்டிலும் தருவார். அதைத் தொடாமல் ஒருவன் ஒதுங்கி உட்கார்ந்தால் அடுத்த போர் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையோடு நின்றுவிடும் என்று துளை போடும் டிரில்லர் நினைப்பார். நான்காம் நாள் அறுநூறு அடியில் தண்ணீர் வந்தது. அதற்குள் என் வீக்கமும் வற்றியிருந்தது. நான் குடியை விடவில்லை, மாத்திரையை விட்டேன். டாக்டரிடம் திரும்பப் போகவும் இல்லை. வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது.

மிச்ச மாத்திரைகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தங்கை பல் விளக்கித் துப்பியதில் ரத்தத்தைப் பார்த்தேன். பையில் இருந்த அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். பெரிய டாக்டர் எழுதியது, வீங்கினால் இதில் ஒன்று அதில் ஒன்று போட்டுக்கொள், எனக்கு மூன்றே நாளில் கேட்டது என்று சொன்னேன். அவள் அவற்றைத் தன் பழைய ஜாமெட்ரி பாக்ஸில் வைத்து மூடினாள். வீங்கும்போது மட்டும் எடுத்துப் போட்டாள். வீண் செய்யாத பெண். ஒரு வருடத்துக்கு மேல் அதை ஓட்டிவிட்டாள். போனில் கேட்டால் நல்லா கேக்குதுண்ணா என்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். ஒரு நாள் அம்மா போனில், பெண்ணைக் கடைக்கு உள்ளே போட்டுவிட்டார்கள், குடோனில் துணி மடிக்கிறாள், இரண்டு மாதமாகிறது என்றார். காரணம் கேட்டேன். பல் ஆடிச் சாய்ந்துவிட்டது, ஆட்கள் முன்னால் நிற்க வேண்டாம் என்றார்களாம். லீவு கேட்டேன். எங்கள் மேனேஜர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், சிரித்தார். "தங்கச்சிக்குப் பல்லு ஆடுதுன்னா நீ என்ன கண்ணு பண்ணுவ? நீ பல்லுலயா போர் ஓட்டற?" எல்லோரும் சிரித்தார்கள். என் வாய் எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நான் ரயில் ஏறினேன்.

ஊருக்கு வந்து தங்கையின் வாயைப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்று நீண்டு, வெளியே சாய்ந்திருந்தது. நாக்கால் தொட்டாலே அசைந்தது. கீழ்ப்பற்கள் நான்கும் ஆட்டம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ எங்கயோ காட்டுல கெடக்கற. சொல்லி இன்னா ஆவப்போவுது?"

கள்ளக்குறிச்சியில் பார்த்த பல் டாக்டர், இது இங்கே முடிகிற வேலை இல்லை, இப்போதே போனால் சில பல்லாவது நிற்கும் என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா பார்த்தார். மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் அளந்து சொல்லச் சொல்ல, இன்னொரு மாணவி எழுதினாள். மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாமாம். தங்கைக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று போனது. நூறு நூறு அடியாக ஆழம் கேட்டுப் பழகிய எனக்கு அந்தச் சின்ன எண்கள் ஒவ்வொன்றும் பெரிதாகக் கேட்டன.

எக்ஸ்ரேயைக் காட்டி எளிதாகவே விளக்கினார். இது இளவயதில் வருகிற கடுமையான ஈறு நோய். சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். பல் வேரை ஒட்டிக் கிருமிகள் பிசின் மாதிரிப் படிந்து உட்கார்ந்திருக்கும். பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்துகொண்டே போகும். மாத்திரை மட்டும் போட்டால் அந்தப் பிசினுக்குள் மருந்து சரியாக இறங்காது. முதலில் சுரண்டி எடுக்க வேண்டும், கூடவே மாத்திரையை நாள் தவறாமல் முடிக்க வேண்டும். அரைகுறையாகப் போட்டால் வீக்கம் வற்றும், கிருமி சாகாது. தப்பியது அந்த மருந்துக்குப் பழகியும் போகலாம்.

முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டார். தங்கை ஜாமெட்ரி பாக்ஸைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். உள்ளே ஓர் அட்டையில் இன்னும் இரண்டு மாத்திரை இருந்தது. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் உனக்கு வலி தெரியாம பாத்துக்கிச்சு. வலிச்சிருந்தா ஒரு வருஷம் முன்னாடியே வந்திருப்ப. யாரும்மா குடுத்தது?"

தங்கை என்னைப் பார்க்கவில்லை. மேலே இருந்த விளக்கையே பார்த்தாள்.

"யாரும் குடுக்கலங்க. மெடிக்கல்ல நானா கேட்டு வாங்கினங்க."

மாணவி அதை எழுதிக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தப்பித்தோம் என்று இருந்தது. டாக்டர் அடுத்த பல்லுக்குக் குனிந்துவிட்டார். இனிமேல் யாரும் கேட்கப்போவதில்லை. அவள் இன்னும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"நான்தாங்க குடுத்தேன். எனக்கு எழுதுனது. நான் முடிக்காம வச்சிருந்தது."

டாக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் வாயைத்தான் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். எனக்குப் பதினொரு பல் எடுக்க வேண்டியிருந்தது.

வைத்தியம் ஏழு மாதம் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு நான்கு முறை ஈறுக்கு அடியில் சுரண்டினார்கள். எட்டு நாள் மாத்திரையை நானும் அவளும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து விழுங்கினோம். காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். பிறகு அவளுக்கு ஈறைத் திறந்து ஆப்பரேஷன் செய்தார்கள். ஆடிய பற்களைக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டினார்கள். கீழ்ப்பற்கள் பிழைத்துக்கொண்டன. மேல் முன்பல் நிற்கவில்லை. ஆவணி மாதம் அதை எடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தவளால் பேச முடியவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கையைக் காட்டினாள், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடத்தில் கட்டின பல் இருக்கிறது. உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கடையில் திரும்பவும் சேலைப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள், அவள்தான் குடோனே போதும் என்றுவிட்டாள். நான் எந்த மாநிலத்தில் இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து அவளைச் சோதனைக்கு அழைத்துப் போகிறேன். இன்றுவரை அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ நல்லதுக்குத்தானே குடுத்த என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஆனால் ஏதாவது வேடிக்கைக்கு அவள் சிரிக்கும்போது ஒரு கை தானாக எழுந்து வாயை மூடுகிறது. நான் நல்லதுக்குக் கொடுத்தேனா கெட்டதுக்குக் கொடுத்தேனா என்பது அந்தக் கைக்குத் தெரியாது.